ஃபேன்டஸி நாவல்களின் வாள்வீரர்களில் முதலிடம் யாருக்கு?

தண்டையார்பேட்டையில் மாலைநேரச் சிலம்பப் பயிற்சிக்கு வரும் கல்லூரி மாணவர்கள் சிலர், தங்களுக்குள் பல வாரங்களாக முடியாமல் நீளும் ஒரு வாதத்தை எழுதி அனுப்பி விடை கேட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் படிக்கக் கிடைக்கும் ஃபேன்டஸி நாவல்களின் வீரர்களுள் வாள் வித்தையில் மிகத் தேர்ந்தவர் யார் என்பது கேள்வி. ஒருவர் ஜார்ஜ் மார்ட்டின் நாவல்களின் ஆர்தர் டேய்ன் என்கிறார், இன்னொருவர் சப்கோவ்ஸ்கி கதைகளின் கெரால்ட் என்கிறார், மூன்றாமவர் சால்வடோர் படைத்த, இரட்டை வாள் ஏந்தும் டிரிஸ்டுக்காக வாதாடுகிறார், நான்காமவர் ‘வீல் ஆஃப் டைம்’ வரிசையின் லான் மண்ட்ராகோரனை விட்டுக்கொடுக்க மறுக்கிறார். மாய வாள் வைத்திருப்பவரைக் கணக்கில் சேர்க்கலாமா, லானும் கெரால்ட்டும் நேருக்கு நேர் மோதினால் என்ன ஆகும் என்பவை உடன் வந்த துணைக் கேள்விகள். சிறுவயதில் கம்பு பிடித்து, பின்னர் சேபர் எனும் ஃபென்சிங் போட்டி வாளும் கற்று, இரண்டையும் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையிலும், மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் இந்தத் தடித்த நாவல்களைத் தேடி வாங்கிப் படிப்பவன் என்ற முறையிலும் பதில் எழுதுகிறேன். கதைகளின் முடிவுகளைத் தொடாமல் இந்த வாதத்தை நடத்த முடியாது என்பதால், பாதி படித்து நிறுத்தியிருப்பவர்கள் அதை மனத்தில் கொள்ள வேண்டும்.

என் முடிவு லான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவருக்கு ஆதரவாக எல்லோரும் எடுத்துக்காட்டும் அந்தக் கடைசிச் சண்டை என்னைப் பொறுத்தவரை முக்கியமான சான்று அல்ல. அவர் வாள் வித்தையின் உண்மையான அளவு, அவர் சண்டையே போடாத சில பக்கங்களில் இருக்கிறது.

முதலில் அளவுகோலைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். வெற்றியை வைத்துத் திறமையை அளக்கும் பழக்கம் களத்தில் நின்று பழகாதவர்களிடம்தான் அதிகம். நம் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து சென்ற ஃபென்சிங் வீராங்கனை பவானி தேவி, டோக்கியோ ஒலிம்பிக்கின் சேபர் பிரிவில் தம் முதல் ஆட்டத்தை 15-3 என்று வென்றார். அதே நாளில் அடுத்த ஆட்டத்தில், அப்போது உலகத் தரவரிசையில் மூன்றாம் இடத்தில் இருந்த பிரான்சின் மனோன் ப்ரூனேயிடம் 7-15 என்று தோற்றார். இரண்டு ஆட்டங்களிலும் ஆடியது ஒரே வீராங்கனை, ஒரே கை, ஒரே பயிற்சி. முதல் ஆட்டத்தின் எண்களை மட்டும் பார்ப்பவருக்கும் இரண்டாவதை மட்டும் பார்ப்பவருக்கும் முற்றிலும் வேறுபட்ட இரண்டு பேர் தெரிவார்கள். நாவலில் ஒரு வீரன் எத்தனை பேரைக் கொன்றான் என்ற கணக்கும் இதே போன்றதுதான். எதிரே நின்றவர் யார் என்று தெரியாமல் அந்தக் கணக்குக்குப் பொருள் இல்லை.

ஆகவே நான் பார்ப்பது காலையும் கண்ணையும். எதிரிக்கும் தனக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தன் வசத்தில் வைத்திருப்பது காலின் வேலை. எதிரியின் அடுத்த அசைவை அது முழுதாக உருவாவதற்கு முன்பே படித்துவிடுவது கண்ணின் வேலை. கையை நான் வேண்டுமென்றே கடைசியில் வைக்கிறேன். போட்டிக்குரிய சேபர் வாளின் எடை 500 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நாவல்களில் வரும் போர்வாளை ஒத்த பழைய ஐரோப்பிய நெடுவாள்கள் பெரும்பாலும் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ இருந்தன. இந்த எடையை எந்த இளைஞனும் வேகமாகச் சுழற்றப் பழகிக்கொள்வான். 14 மீட்டர் நீளமுள்ள ஆடுதளத்தில் புதிதாக வருபவர்கள் தோற்பதற்குக் காரணம் கை மெதுவாக இருப்பதல்ல. கை சென்றடையும் நேரத்தில் கால் அங்கே இல்லாததுதான்.

இங்கே சினிமாவைப் பற்றி ஒரு சொல். வடசென்னையில் வளர்ந்த யாருக்கும் வாள் சண்டை என்றதும் எம்.ஜி.ஆர். நினைவுக்கு வருவார். ‘நாடோடி மன்னன்’, ‘ஆயிரத்தில் ஒருவன்’ ஆகியவற்றின் சண்டைகளை நான் இன்றும் ரசித்துப் பார்க்கிறேன். அந்தக் காலடிகளில் உண்மையான பயிற்சி தெரிகிறது. ஆனால் திரையில் வாளைத் தேடி வாள் செல்கிறது, ஏனென்றால் ஓசையும் தீப்பொறியும் காட்சிக்குத் தேவை. உண்மைச் சண்டையில் வாள் தேடுவது உடம்பைத்தான். வாளோடு வாள் அதிகமாக மோதும் நாவலை ‘நல்ல சண்டை’ என்று மாணவர்கள் பாராட்டும்போது, அவர்கள் பாராட்டுவது திரையில் பழகிய ஒரு இன்பத்தை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதிகாசங்களையும் சரித்திர நாவல்களையும் இந்தப் பதிலில் சேர்க்கவில்லை. பாண்டவர்களில் நகுல சகாதேவர்கள் வாளில் தேர்ந்தவர்கள் என்பதும், வந்தியத்தேவன் மீது நமக்கெல்லாம் உள்ள அன்பும் வேறு கணக்கு. ஒன்று நம்பிக்கையோடு தொடர்புடையது, மற்றொன்று மாயம் நடக்காத உலகம்.

இனி மாய வாள் பற்றிய கேள்வி. மைக்கேல் மூர்காக் 1961 முதல் எழுதிய எல்ரிக் கதைகளை எடுத்துக்கொள்ளலாம். எல்ரிக் உடல்நலம் குன்றியவர். மருந்தோ, ஸ்டார்ம்பிரிங்கர் என்ற அவருடைய கரிய வாளோ இல்லாவிட்டால் நிற்கவும் வலுவற்றவர். அந்த வாள் கொல்லப்பட்டவர்களின் உயிரைக் குடித்து அவருக்குப் பலத்தைக் கொடுக்கிறது. அதற்குத் தனி விருப்பமும் உண்டு. அவர் காதலித்த சைமோரில் அந்த வாளாலேயே, அவருடைய விருப்பத்துக்கு மாறாக இறக்கிறாள். தான் ஓங்கிய வாள் எங்கே இறங்கும் என்பதைத் தீர்மானிக்க முடியாதவரை வாள்வீரர் என்று எப்படி மதிப்பிடுவது? எல்ரிக் மிகப் பெரிய துயரப் பாத்திரம், ஆனால் இந்தப் போட்டிக்கு உரியவர் அல்லர். எனவே விதி இதுதான்: மாய வாள் வைத்திருப்பவரை விலக்க வேண்டியதில்லை, வாள் செய்யும் வேலையை மட்டும் கழித்துவிட வேண்டும்.

இந்தக் கழித்தல் ஆர்தர் டேய்னின் ரசிகர்களுக்கு வருத்தம் தரும். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல்களில், தான் பார்த்த வீரர்களிலேயே மிகச் சிறந்தவர் அவர் என்று நெட் ஸ்டார்க் என்ற பிரபு தம் மகனிடம் சொல்கிறார். தன் தோழர் ஹவ்லாண்ட் ரீட் இல்லாவிட்டால் டேய்ன் தன்னைக் கொன்றிருப்பார் என்றும் சொல்கிறார். ஒரு கோபுரத்தின் முன்னே நெட்டின் தரப்பு எழுவரை டேய்னின் தரப்பு மூவர் எதிர்த்து, எழுவரில் இருவர் மட்டும் உயிரோடு திரும்பினார்கள். ஆனால் அந்தச் சண்டையில் வாள் எப்படி நகர்ந்தது என்று நாவல் நமக்குக் காட்டுவதில்லை. நெட்டின் காய்ச்சல் கனவு அது தொடங்கும் இடத்திலேயே கலைந்துவிடுகிறது. தொலைக்காட்சித் தொடரில் அவர் இரண்டு வாள்களோடு ஆடியது தொடரின் சொந்தக் கற்பனை. நாவலில் அவர் வாள் வீசுவதைப் பற்றி நமக்குக் கிடைக்கும் தெளிவான செய்தி ஜேமி லானிஸ்டரின் நினைவில் இருக்கிறது: ‘சிரிக்கும் வீரன்’ என்று பெயர் பெற்ற கொள்ளையனோடு மோதியபோது, அவனுடைய வாள் பல்லுப் பல்லாகப் பெயர்ந்துபோனதைக் கண்டு, புதிய வாள் எடுத்துவர அனுமதித்து நிறுத்திக் காத்திருந்தார். அந்தக் கொள்ளையனோ தனக்கு வேண்டியது டேய்னின் வெள்ளை வாள்தான் என்கிறான். பெருந்தன்மை இந்தக் காட்சியில் நிறைய இருக்கிறது. விண்மீனின் உட்கருவிலிருந்து வார்க்கப்பட்டதாகச் சொல்லப்படும் வாளுக்கும் சாதாரண இரும்புக்கும் உள்ள வேறுபாடும் இருக்கிறது. வித்தை எவ்வளவு என்பது மட்டும் நம் கண்ணுக்குத் தெரியவில்லை. டேய்னை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சாட்சிகள் எல்லோரும் ஒருமுகமாகப் புகழ்கிறார்கள், ஆனால் நம்மிடம் இருப்பது அந்தச் சாட்சியம் ஒன்றுதான்.

டிரிஸ்ட் விஷயம் வேறு. ஆர். ஏ. சால்வடோர் 1988 முதல் எழுதிவரும் அந்த வரிசையில் சண்டைகள் பக்கம் பக்கமாகக் காட்டப்படுகின்றன, சாட்சியத்துக்குக் குறைவில்லை. தந்தை சாக்னஃபெய்னிடம் பெற்ற பயிற்சியும் விரிவாகச் சொல்லப்படுகிறது. டிரிஸ்டிடம் எனக்கு மிகப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. கைகளை வேகப்படுத்தும் மாயக் காப்புகள் ஒரு எதிரியிடமிருந்து அவர் வசம் வந்தபோது, அவற்றைக் கையில் அணியாமல் கணுக்காலில் அணிந்துகொள்கிறார். கைக்குத் தேவையான வேகம் ஏற்கெனவே இருக்கிறது, கால்தான் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும் என்பது அவருடைய கணிப்பு. சண்டை தெரிந்தவனின் முடிவு அது. இருந்தாலும் அந்தக் காப்புகளையும், மாயம் ஏற்றிய இரண்டு வளைவாள்களையும், மனிதரைவிடப் பல மடங்கு நீண்ட டார்க் எல்ஃப் வாழ்நாள் கொடுக்கும் பயிற்சிக் காலத்தையும் கழித்த பிறகு எஞ்சுவது எவ்வளவு என்று கேட்டால், நிறையத்தான் எஞ்சுகிறது. முதலிடத்துக்குப் போதுமா என்பதில்தான் எனக்கு ஐயம். அவருடைய சண்டைகளில் கண் செய்யும் வேலையைவிட வேகம் செய்யும் வேலையே அதிகம் வருணிக்கப்படுகிறது.

டோல்கீனின் வீரர்களை விரைவாகக் கடந்துவிடலாம். எல்ஃப் அரசன் ஃபிங்கோல்ஃபின் தனியாகச் சென்று தீமையின் தலைவன் மோர்காத்தை ஏழு முறை காயப்படுத்தியதும், வீழும் நேரத்தில் அவன் காலை வெட்டியதும் மெய்சிலிர்க்க வைக்கும் இடங்கள். ஆனால் டோல்கீனுக்கு வாள் என்பது வீரத்தின் அடையாளம். அது எப்படி வீசப்பட்டது என்பதில் அவருக்கு ஆர்வம் இல்லை. அவரிடமிருந்து வித்தைக்கான சான்றை எதிர்பார்ப்பது அவருக்கே நியாயம் ஆகாது.

இப்போது கெரால்ட், விட்சர் எனப்படும் அரக்க வேட்டைக்காரர்களில் ஒருவர். இங்கே கழிக்க வேண்டியது வாளை அல்ல, உடம்பை. சிறுவயதில் மூலிகைகளாலும் மாற்றங்களாலும் உருவாக்கப்பட்ட உடம்பு அது. கண்ணின் மணி விரிந்து சுருங்குவதும், நரம்புகள் செய்தி கடத்தும் வேகமும் மனிதனுடையவை அல்ல. அதன் மேல் மருந்துகள் வேறு. ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி சண்டையை எழுதும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அவர் கால்களை எழுதுகிறார்: அரைச்சுற்று, விலகல், எதிரியின் பக்கவாட்டில் நின்றுவிடுதல். ஆனாலும் தானெட் தீவில் வில்கெஃபோர்ட்ஸ் என்ற மந்திரவாதி அவரை எதிர்கொள்ளும்போது கையில் எடுப்பது ஒரு தடி. மிகக் குறுகிய நேரத்தில் கெரால்ட் எலும்பு முறிந்து தரையில் கிடக்கிறார். வேகத்தில் தனக்கு ஈடான ஒருவன் வந்ததும், அதுவரை வேகம் மூடிவைத்திருந்த ஒரு குறை வெளியே தெரிகிறது: தூரத்தை அவர் தவறாகக் கணித்துவிட்டார்.

தடி என்றதும் சிலம்பம் பழகும் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதற்கு இன்னும் வலுவான சான்று லானின் உலகத்திலேயே இருக்கிறது. ராபர்ட் ஜோர்டனின் ‘வீல் ஆஃப் டைம்’ வரிசையில் 1991-இல் வந்த மூன்றாம் நூலில், நோயிலிருந்து அப்போதுதான் எழுந்து, எலும்பும் தோலுமாக இருக்கும் மேட் என்ற கிராமத்துப் பையன், பயிற்சி வாள்களோடு நிற்கும் கேலட், காவின் என்ற இரண்டு தேர்ந்த இளவரசர்களை ஒரே நேரத்தில் கம்பால் வீழ்த்துகிறான். ஆசான் ஹம்மார் தம் மாணவர்களைப் பார்த்து, வரலாற்றிலேயே மிகப் பெரிய வாள்வீரர் யார் என்று கேட்கிறார். ஜேரம் என்று பதில் வருகிறது. போரிலும் தனிச்சண்டையிலுமாகப் பத்தாயிரம் முறைக்கு மேல் பொருதிய ஜேரம் ஒரே ஒரு முறைதான் தோற்றார், அதுவும் கம்பு ஏந்திய ஒரு விவசாயியிடம் என்று சொல்லி, இதை மறந்துவிடாதீர்கள் என்கிறார்.

இது கதாசிரியரின் வேடிக்கை அல்ல. ஜார்ஜ் சில்வர் என்ற ஆங்கிலேயர் 1599-இல் வெளியிட்ட சண்டைக்கலை நூலில், வாளைவிடக் கம்புக்கே மேலான இடத்தைக் கொடுத்திருக்கிறார். 1625-இல் ஸ்பெயினில் சிறைப்பட்டிருந்த ரிச்சர்ட் பீக் என்ற ஆங்கிலேயர், நீள்வாளும் குத்துவாளும் ஏந்திய மூன்று ஸ்பானியர்களைக் கம்போடு எதிர்கொண்டு, ஒருவரைக் கொன்று மற்ற இருவரின் ஆயுதத்தையும் பறித்தார். காரணம் புரியாதவர்கள் எங்கள் பயிற்சிக்கு வந்து ஒரு மாலை நின்று பார்த்தால் போதும். நெற்றி உயரமுள்ள மூங்கில் கம்பை ஒருவரிடமும், மர வாளை இன்னொருவரிடமும் கொடுத்து எதிரெதிரே நிறுத்துவோம். கம்பின் முன்முனை வாள் பிடித்தவரின் மணிக்கட்டை நோக்கிச் செல்லும். அதைத் தட்டிவிட வாள் சாய்ந்த அதே கணத்தில், கம்பு பிடித்தவரின் பின்கால் ஒரு சாண் நகர்ந்திருக்கும். முன்கை கம்பின் மேல் வழுக்கி நடுவுக்கு வந்திருக்கும். தட்டப்பட்ட வேகத்தையே வாங்கிக்கொண்டு மறுமுனை முழங்காலுக்கு அருகே வந்து நிற்கும். வாளுக்கு ஒரு முனை, கம்புக்கு இரண்டு. தடுக்கப்படும் வீச்சே கம்புக்கு அடுத்த வீச்சின் தொடக்கம். வாள் பிடித்தவர் தப்ப ஒரே வழிதான் உண்டு: பின்வாங்காமல் உள்ளே நுழைந்து, கம்பின் வீச்சுக்கு இடமில்லாமல் செய்வது. அதற்குத் துணிச்சலோடு கணிப்பும் வேண்டும். பவானி தேவி தொடக்கக் காலத்தில் மூங்கில் குச்சிகளைக் கொண்டு பழகியதாகச் சொல்லியிருக்கிறார். ஆயுதத்தின் விலை வேறாக இருந்தாலும் காலடி ஒன்றுதான் என்பதை எங்கள் மாணவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே என் பார்வையில் தேர்ந்த வாள்வீரர் என்பவர், தன் வாளின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அறிந்தவர். அந்த அறிவு எங்கே குடியிருக்கிறது என்பதை மார்ட்டின் இரண்டு பாத்திரங்களை வைத்து மிக அழகாகக் காட்டுகிறார். ஜேமி லானிஸ்டர் தம் தலைமுறையின் மிகச் சிறந்த வாள்வீரர்களில் ஒருவர். 2000-இல் வந்த மூன்றாம் நூலில் அவருடைய வலது கை வெட்டப்படுகிறது. அதன் பிறகு, பேச முடியாத இலின் பெய்னோடு இரவில் ஒளிந்து இடது கையால் பழகும்போது, மீண்டும் மீண்டும் அடி வாங்குகிறார். கண் அதே கண்தான், அனுபவமும் அதே அனுபவம்தான். ஆனால் அவருடைய வித்தை முழுவதும் அந்தக் கையில் இருந்தது, கையோடு போய்விட்டது. மறுபக்கம் வாள் ஆசான் சிரியோ ஃபோரெல். பிராவோஸ் நகர அதிபதியின் மடியில் இருந்த விலங்கைப் பார்த்து, முன்னே வந்த வாள்வீரர்கள் எல்லோரும் அது ஏதோ தூரதேசத்து அரிய பிராணி என்று புகழ, சிரியோ மட்டும் அது ஒரு கொழுத்த கடுவன் பூனை என்று உள்ளதைச் சொல்லி அந்த நகரத்தின் முதல் வாளாகிறார். நெட்டின் மகள் ஆர்யாவுக்கு அவர் கற்றுக்கொடுப்பதில் பெரும்பகுதி பார்ப்பதும் சமநிலையும்தான். காவலர்கள் பிடிக்க வந்தபோது பயிற்சிக்கான மர வாளை மட்டும் வைத்துக்கொண்டு அவர்களை ஒவ்வொருவராகக் கவசத்தின் இடுக்குகளில் அடித்து வீழ்த்துகிறார். உடம்பு முழுதும் கவசம் அணிந்த மெரின் ட்ரான்ட்டிடம்தான் மர வாள் துண்டாகிறது. கழிப்பதற்கு இவரிடம் ஒன்றுமே இல்லை. எனக்குள்ள குறை, நாம் பார்ப்பது ஒரே ஒரு சண்டையை, அதுவும் முடிவு தெரியாத சண்டையை. இல்லாவிட்டால் முதலிடத்தை அவருக்கே கொடுத்திருப்பேன்.

யாரும் பெயர் சொல்லாத ஒருவரையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். சப்கோவ்ஸ்கியின் லியோ போன்ஹார்ட் ஈவிரக்கமற்ற கொலைகாரன். படிக்கும்போதே வெறுப்பு வருகிறது. ஆனால் மந்திரம் இல்லை, மாற்றப்பட்ட உடம்பு இல்லை, இளமையும் இல்லை. மூன்று விட்சர்களின் பதக்கங்களைத் தன்னிடம் வைத்திருக்கிறான். எலிகள் என்று அழைக்கப்படும் இளம் கொள்ளைக் கூட்டத்தின் ஆறு பேரையும் தனியாளாக நின்று முடிக்கிறான். வித்தையை மட்டும் அளப்பது என்று உறுதி எடுத்துக்கொண்டால், குணத்தைக் காரணம் காட்டி அவனை ஒதுக்க நமக்கு உரிமை இல்லை. நான் அவனை முதலிடத்துக்குக் கீழே வைப்பதன் காரணம் வேறு. அவன் கெரால்ட்டின் வளர்ப்பு மகள் போன்ற சிரியைச் சிறைபிடித்துத் தன் முன்னே சண்டையிட வைத்து வேடிக்கை பார்க்கிறான், அவளுடைய அசைவுகளை அத்தனை முறை பார்த்தும் கற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் ஸ்டிகா கோட்டையில், குறுகிய உத்தரத்தின் மேல், விட்சர்களின் கோட்டையான கெர் மோர்ஹனில் குழந்தைப் பருவத்திலேயே கண்ணைக் கட்டிக்கொண்டு காலடி பழகியவளின் முன்னே அவன் கால் தோற்கிறது. எந்தத் தரையில் நிற்கிறோம் என்பதைப் படிப்பதும் வித்தையின் பகுதிதான்; அதை அவள் படித்தாள், அவன் படிக்கவில்லை.

இப்போது லான். மால்கியர் என்ற நாடு அழிந்தபோது கைக்குழந்தையாக இருந்தவர், ஏஸ் செடாய் எனப்படும் மந்திரசக்தி கொண்ட பெண்களில் ஒருவரான மொய்ரேனின் காவலர். காவலர்களுக்கும் அவர்களுடைய ஏஸ் செடாய்க்கும் இடையிலான பிணைப்பு உடல் வலிமையையும் தாங்கும் திறனையும் கூட்டுகிறது. என் விதிப்படி அதைக் கழித்தாக வேண்டும். முன்கதையாக எழுதப்பட்ட ‘நியூ ஸ்பிரிங்’ அதற்கு உதவுகிறது: பிணைப்பு ஏற்படும் முன்பே, துரோகியாகிவிட்ட பழைய தோழன் ரைனை வாளால் வீழ்த்தும் அளவுக்கு அவர் தேர்ந்திருந்தார்.

ஆனால் நான் காட்ட விரும்பும் சான்று 1990-இல் வந்த இரண்டாம் நூலின் தொடக்கத்தில் இருக்கிறது. ஆட்டுக்காரப் பையனாக வளர்ந்த ரேண்டுக்கு லான் வாள் கற்றுக்கொடுக்கிறார். அவற்றுள் ‘முற்றத்தைக் கடக்கும் பூனை’ என்பது வெட்டும் அல்ல, தடுப்பும் அல்ல, நடை. உடம்பு முழுவதும் தளர்ந்து, ஆனால் எந்தப் பக்கமும் உடனே திரும்பக்கூடிய நிலையில் நடப்பது. எங்கள் வாத்தியார் கம்பைத் தொடவிடாமல் வெறுங்காலோடு நடக்க வைத்ததன் காரணம் இதைப் படித்தபோது எனக்கு இன்னும் தெளிவாகப் புரிந்தது. அடுத்து, ‘நாணலில் நடக்கும் நாரை’ என்ற ஒற்றைக்கால் நிலை. அது சமநிலைக்கான பயிற்சி மட்டுமே, சண்டையில் பயன்படுத்தினால் நெஞ்சு முழுவதும் திறந்துகிடக்கும் என்று லான் எச்சரிக்கிறார். எதைச் சண்டைக்காகக் கற்கிறோம், எதை உடம்பைப் பண்படுத்தக் கற்கிறோம் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த ஆசான்கள் குறைவு. அலங்காரச் சிலம்பத்தையும் போர்ச் சிலம்பத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு மேடையில் சுழற்றும் வேகத்தை வைத்தே தங்களை வீரர்கள் என்று நினைத்துக்கொள்ளும் பிள்ளைகளை நான் நாள்தோறும் பார்க்கிறேன். அவர்களிடம் இந்தப் பக்கங்களை வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

அந்தப் பயிற்சியின் பலன் அதே நூலில் தெரிகிறது. குறுகிய காலமே கற்ற ரேண்ட், நாரை முத்திரை பெற்ற தேர்ந்த வாள்வீரனான டூராக்கை ஃபால்மேயில் வீழ்த்துகிறான். அதற்குப் பின் தீய சக்தியின் தளபதிகளில் ஒருவனான இஷமேலோடு மோதும்போது, லான் கூடாது என்று சொன்ன அந்த நாரை நிலையையே, அதன் விலை என்ன என்று தெரிந்தே எடுத்து, விலாவில் காயத்தை வாங்கிக்கொண்டு எதிரியைக் குத்துகிறான். தேவைப்பட்டால் எதிரியின் வாளைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டு அவனை முடிப்பதையும் லான் கற்றுக்கொடுத்திருந்தார். ‘வாளை உறையில் இடுதல்’ என்பது அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர். தான் செய்வதை வேறொருவன் உடம்பில் இவ்வளவு துல்லியமாக ஏற்றத் தெரிந்தவனுக்குத் தன் வித்தை கையளவில் நிற்கவில்லை, அறிவாக மாறியிருக்கிறது என்று பொருள். ஜேமியிடம் இல்லாமல் போனது இதுதான்.

2013-இல் வந்த கடைசி நூலில் எதிரிப் படையின் தளபதி டிமான்ட்ரெட்டோடு நடக்கும் சண்டையை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். காவின் அங்கே உயிரை இழக்கிறான், கேலட் கையை இழக்கிறான். லான் மூன்றாமவராக வருகிறார். முன்பே இருவரோடு பொருதிய எதிரி என்பதால் வெற்றியின் மதிப்பைச் சற்றுக் குறைக்கவே செய்ய வேண்டும். இறுதியில் லான் செய்வது அதே உறையில் இடுதல்தான்: எதிரியின் வாள் தன் உடம்பில் இறங்க இடம் கொடுத்து, அந்த ஒரு கணத்தில் அவன் தடுக்க முடியாமல் போகும் வாய்ப்பைப் பயன்படுத்திக் கொல்கிறார். பலர் இதை உயிர்த்தியாகம் என்று மட்டும் படிக்கிறார்கள். நான் இதில் கணிப்பையும் பார்க்கிறேன். எதிரி தனக்குக் குறைந்தவன் அல்லன் என்பதையும், சண்டை நீண்டால் முடிவு எப்படி இருக்கும் என்பதையும் சண்டைக்கு நடுவிலேயே படித்து, வழக்கமான தூரத்தை விட்டுவிட்டு எதிரியின் வாள் தூரத்துக்குள் நுழைந்துவிடுவது, கம்புக்கு எதிரே வாள் பிடித்தவன் செய்ய வேண்டியதற்கு மிக நெருக்கமானது.

கடைசியாக, லானும் கெரால்ட்டும் மோதினால் என்ற கேள்வி. இருவருக்கும் ஒரே விதமான மனித உடம்பும் ஒரே எடையுள்ள வாளும் கொடுத்தால் லான் வெல்வார் என்பது என் மதிப்பீடு. நாவலில் உள்ள உடம்புகளோடு அப்படியே நிறுத்தினால் பெரும்பாலான முறை கெரால்ட்தான் வெல்வார். அந்த வேகத்தைப் பிணைப்பு ஈடுசெய்யாது. ஆனால் கெரால்ட்டின் பக்கம் நின்ற மாணவருக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. தானெட்டுக்குப் பிறகு வரும் நூல்களில் கெரால்ட்டின் காயங்கள் முழுதாக ஆறுவதில்லை. முழங்கால் வலி அவரை விடுவதில்லை, பழைய வேகத்தை நம்ப முடியாத நிலையில் அவர் பல சண்டைகளை நடத்துகிறார். உடம்பின் சலுகை குறைந்த பிறகு அவர் எப்படி நிற்கிறார், எந்தக் காலில் எடையை வைக்கிறார், எந்தச் சண்டையைத் தவிர்க்கிறார் என்று அந்தப் பக்கங்களைக் குறித்து வைத்துக்கொண்டு வாதாட வந்தால், அந்த வாதத்தை நான் கவனமாகக் கேட்பேன்.